துபாய் அண்ணன்

என் அண்ணன் மூன்று வருஷம் துபாயில் இருந்தார். அந்த மூன்று வருஷமும் அவர் பொம்மையார்பாளையத்தை விட்டு எங்கேயும் குடிபோகவில்லை.

குழம்பாதீர்கள். விஷயம் இதுதான். 2009-ல் நான் புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் சேர்ந்தேன். புதுசாகச் சேர்ந்தவனை ஆபீஸ் எப்படி வரவேற்கும் என்று உங்களுக்கே தெரியும். முதல் நாள் டீ வாங்கி வரச் சொல்லும். இரண்டாம் நாள் ஜாதகம் கேட்கும். "அப்பா என்ன பண்றார்? கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்? அண்ணன் என்ன பண்றார்?"

அன்று காலை நான் பஸ் ஏறும்போது அண்ணன் ஈ.சி.ஆர். ரோட்டோரம் நின்று உப்பு லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தார். மரக்காணம் உப்பளத்திலிருந்து வரும் லாரிகளில் உப்போடு சேர்த்துத் தன்னைப் பற்றிய தகவலும் போகிறது என்பது அவருடைய கணக்கு. இதை ஹெட் கிளார்க்கிடம் எப்படிச் சொல்வது?

"துபாய்ல இருக்கார் சார்" என்றேன்.

விசா இல்லை, டிக்கெட் இல்லை. ஒரு மனுஷனை ஒரே வாக்கியத்தில் துபாய்க்கு அனுப்பினேன். எந்த டிராவல்ஸ்காரனாலும் முடியாது.

ஆனால் துபாய் அண்ணனைப் பராமரிப்பது லேசான காரியம் இல்லை. ஹெட் கிளார்க் கோடாலித் தைலம் கேட்டார். டெஸ்பாட்ச் அம்மா பால் பவுடர் கேட்டார். பியூன் தாத்தா ஒரு டார்ச் லைட்டோடு திருப்திப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் சென்ட் பாட்டில் வாங்கி, விலை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி, "அண்ணன் அனுப்பிச்சார்" என்று கொடுத்திருக்கிறேன். வாங்கின சம்பளத்தில் ஒரு பகுதி இப்படியே போயிற்று. பொய்க்கு இ.எம்.ஐ. கட்டினவன் நான்.

அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே கடல், மேற்கே செம்மண் மேடு, நடுவில் ஈ.சி.ஆர். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அப்பா போய்ச் சேர்ந்தார். அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்குப் போனார். என்னைக் கடலுக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். "ரெண்டு பேரும் நனைஞ்சா வீட்டுல யாருடா காயறது?" என்பார். என் காலேஜ் பீஸ், என் முதல் பேண்ட், இன்டர்வியூவுக்குப் போட்டுப் போன ஷூ எல்லாம் அவர் வலையில் விழுந்த மீன்தான். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி படகை உடைத்தது. கடன் வாங்கி மறுபடி ஏறினார். அதையெல்லாம் தாங்கின மனிதர்.

2009-ல் தூக்கம் போயிற்று. பிறகு பேச்சு குறைந்தது. அப்புறம் யாரோ தன்னைப் பற்றிக் காதுக்குள் பேசுவதாகச் சொன்னார். சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்று அம்மா போட்ட சோற்றைத் தள்ளி வைத்தார். கடலுக்குப் போவதை நிறுத்தினார். குளிப்பதையும் நிறுத்தினார்.

ஊரில் வைத்தியத்துக்கா பஞ்சம்? தாயத்து கட்டினார்கள். எலுமிச்சம்பழம் அறுத்தார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள். அம்மா தவறாமல் சபைக்குப் போவாள். நான் கிறிஸ்துமஸுக்கு மட்டும், அதுவும் கேக்குக்காகப் போகிறவன். இருந்தாலும் வீட்டில் கஷ்டம் என்று வந்துவிட்டால் எந்த மதத்து எலுமிச்சம்பழமும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

கடைசியில் யாரோ ஒரு ஜெபவீட்டைக் காட்டினார்கள். தூரத்து ஊர். பெயர் வேண்டாம். "பிசாசு பிடிச்சிருக்கு, இருபத்தோரு நாள் உபவாசத்துல விட்டுடுங்க, மாத்திரை கீத்திரை கூடாது, மாத்திரை அவிசுவாசம்" என்றார்கள். அம்மா தோட்டைக் கழற்றி விற்றாள். நான் கொண்டுபோய் விட்டேன். அங்கே ஒரு நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

பத்தாம் நாள் பார்க்கப் போனேன். தூணோடு சேர்த்துக் காலில் சங்கிலி. கணுக்காலில் தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஆபீஸுக்கு லீவு போட்டுட்டா வந்தே? சம்பளம் பிடிப்பாங்களேடா."

அன்றைக்கே கூட்டி வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கையெழுத்தை இன்றைக்கு வரைக்கும் அழிக்க முடியவில்லை.

எனக்குத் தெரியாமல் இல்லை. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி விடியற்காலை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்துக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் கருகினார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. அப்போது நான் மாணவன். பேப்பரில் படித்துவிட்டு "சே, என்ன ஜனங்க இவங்க" என்று சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த ஜனங்களில் ஒருவனாக நான் ஆக ஒன்பது வருஷம் தேவைப்பட்டது. இப்போது 2017-ம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று அதன் 95-வது பிரிவு சொல்கிறது. சட்டம் வந்தது நல்லதுதான். ஆனால் பூட்டின கை வெளியாள் கை இல்லையே, வீட்டுக்காரன் கையெழுத்துப் போட்டுத்தானே பூட்டினார்கள்!

2010 கடைசியில் எங்கள் சபைக்குப் புது பாஸ்டர் வந்தார். ஒல்லியான ஆள். ஒரு பழைய டி.வி.எஸ். ஃபிஃப்டி. மைக் இல்லாவிட்டால் பிரசங்கம் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. "இவரா பிசாசை விரட்டப் போறாரு? கருவாட்டுக்கு வர்ற காக்காயைக்கூட விரட்ட மாட்டாரே" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அம்மா அழுது கூப்பிட்டதால் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வந்தார். அண்ணன் கடற்கரையில் கவிழ்த்துப் போட்ட படகு மறைவில் உட்கார்ந்திருந்தார். பாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை. இருபது நிமிஷம் இருக்கும். எழுந்து, "சரிண்ணே, அடுத்த வியாழக்கிழமை வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வியாழன் வந்தார். அதே மணல், அதே இருபது நிமிஷம். அதற்கடுத்த வியாழனும் வந்தார். எனக்கு எரிச்சல். ஆபீஸில் இப்படிச் சும்மா உட்கார்ந்திருந்தால் மெமோ கொடுப்பார்கள். நாலாவது வாரம் கேட்டேவிட்டேன்.

"பாஸ்டர், ஒரு ஜெபமாவது பண்ணக்கூடாதா?"

"வீட்டுல போய்ப் பண்றேன் தம்பி. இங்க வச்சுப் பண்றதுக்கு உங்க அண்ணன்கிட்ட இன்னும் பர்மிஷன் கேக்கலை."

ஆறாவது வியாழக்கிழமை அண்ணன் வாய் திறந்தார். "உப்பு லாரி அனுப்புற ஆளு நீங்கதானா?"

"இல்லண்ணே. நான் டி.வி.எஸ். ஃபிஃப்டியில வந்த ஆளு."

அண்ணன் சிரித்தார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது அந்தச் சிரிப்பைப் பார்த்து. அம்மா வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று ராத்திரி பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். பாஸ்டர் யோபு கதை சொன்னார். யோபுவுக்கு எல்லாம் போய்ச் சாம்பலில் உட்கார்ந்திருந்தபோது நண்பர்கள் வந்தார்களாம். ஏழு நாள் ராத்திரி பகல் ஒரு வார்த்தை பேசாமல் கூடவே உட்கார்ந்திருந்தார்களாம். "அது வரைக்கும் நல்லாத்தான் செஞ்சாங்க தம்பி. எட்டாம் நாள் வாயைத் தொறந்து, 'நீ ஏதோ பாவம் பண்ணியிருக்கே'ன்னு ஆரம்பிச்சாங்க பாருங்க, அங்கதான் கெட்டுது. எங்க ஆளுங்க நிறையப் பேர் எட்டாம் நாள்லேருந்து ஆரம்பிக்கிறோம்."

காதில் கேட்கும் குரல் பற்றி அண்ணன் சொன்னபோது அவர், "பொய்" என்றும் சொல்லவில்லை, "ஆமாம்" என்றும் சொல்லவில்லை. "உங்களுக்குக் கேக்குது, எனக்குக் கேக்கலை. ஆனா அதனால தூக்கம் போச்சுங்கறது மட்டும் எனக்கும் தெரியுது. தூக்கத்துக்காக ஒரு டாக்டரைப் பார்ப்போமாண்ணே?" என்றார். நாங்கள் எல்லோரும் அண்ணனோடு சண்டை போட்டது குரலைப் பற்றி. அவர் பேசியது தூக்கத்தைப் பற்றி. அண்ணன் சம்மதித்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போனார்கள் என்று நினைக்கிறீர்கள்? நான் இல்லை. எனக்கு ஆடிட். அடுத்த மாசமும் ஆடிட். உலகத்திலேயே வருஷம் பூரா ஆடிட் நடந்த கம்பெனி எங்களுடையதுதான். பாஸ்டர்தான் கூட்டிப் போனார். கோரிமேட்டில் ஜிப்மர் ஓ.பி.யில் வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டு காத்திருந்து, டாக்டர் அறைக்குள் "நானும் வரட்டுமாண்ணே?" என்று அண்ணனிடம் கேட்டுவிட்டே உள்ளே போனாராம்.

முதல் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. கை நடுங்கியது, உடம்பு விறைத்தது. பக்கத்து வீட்டில் "அப்பவே சொன்னோமே, இது மாத்திரைக்கு அடங்கற விஷயமா?" என்றார்கள். பாஸ்டர் மறுபடி வரிசையில் நின்றார். டாக்டர் மாத்திரையை மாற்றினார்.

ஒரு நாள் அண்ணன் நேராகவே கேட்டார். "பாஸ்டர், எனக்குப் பிடிச்சிருக்கறது பிசாசா?"

நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன். பாஸ்டர் வடக்கே கையைக் காட்டினார். அங்கே கடல் பாதி சுவரைத் தின்றுவிட்ட ஒரு வீடு நின்றது. எங்கள் கரையோரக் குப்பங்களில் இது சகஜம். புதுச்சேரித் துறைமுகத்துக்கு 1980-களின் கடைசியில் கட்டின அலைதடுப்புச் சுவர், தெற்கிலிருந்து கரையோடு வரும் மணலைத் தடுத்துவிட்டது. மணல் வராத கரையைக் கடல் அரிக்கிறது.

"அந்த வீட்டுக்காரர் பாவம் பண்ணினதாலயா அண்ணே சுவர் விழுந்துச்சு?"

"அதெப்படி? துறைமுகத்துக் கல்லால."

"அதேதாண்ணே. கரையைக் காப்பாத்தக் கல்லு எங்க போடணும்னு இன்ஜினியருக்குத்தான் தெரியும். நமக்கு அந்த இன்ஜினியர் ஆஸ்பத்திரியில இருக்காரு. சுவர் விழுந்தவரோட ராத்திரி கூட உட்கார்ந்திருக்கறது என் வேலை. அவர் வேலையை நான் செஞ்சா வீடு போயிரும். என் வேலையை நான் செய்யலேன்னா நீங்க தனியாயிருவீங்க."

அவருக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று பின்னால் கேட்டேன். வேலூரில் சில வாரம் பயிற்சி எடுத்திருக்கிறார். அங்கே சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. 1957-ல் டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் என்ற பெண்மணி தொடங்கியது. நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்க வேண்டும் என்பது அங்கே ஆரம்பத்திலிருந்து வழக்கம். பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றால் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவது என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், "நீயும் பாயை எடுத்துக்கிட்டு வா" என்று வீட்டுக்காரரையும் கூப்பிட்டிருக்கிறார்கள்!

இன்னொரு கதையும் சொன்னார். அமெரிக்காவில் ஆண்டன் பாய்சன் என்று ஒரு போதகர். 1920-ல் அவருக்கே புத்தி பேதலித்து ஆஸ்பத்திரியில் அடைத்துவிட்டார்கள். வெளியே வந்தவர் சும்மா இருக்கவில்லை. 1924-ல் வூஸ்டர் என்ற ஊரில் மனநல ஆஸ்பத்திரியிலேயே போதகராகச் சேர்ந்தார். மறு வருஷம் வேதாகமக் கல்லூரி மாணவர்களை அங்கே வரவழைத்து, 'புத்தகத்தைப் படிக்கிற மாதிரி இந்த மனுஷர்களையும் பொறுமையாகப் படியுங்கள்' என்று பயிற்சி கொடுத்தார். இன்று உலகம் முழுக்க ஆஸ்பத்திரிப் போதகர்கள் எடுக்கும் பயிற்சிக்கு அதுதான் விதை. உள்ளே போய் வந்தவர் போட்ட விதை.

எனக்குப் பிடித்தது நியூட்டன் கதை. ஆப்பிள் நியூட்டன் இல்லை. ஜான் நியூட்டன், அடிமைக் கப்பல் கேப்டனாக இருந்து மனம் மாறிப் போதகரானவர். இங்கிலாந்தில் ஓல்னி என்ற ஊரில் அவருக்குப் பக்கத்து வீட்டுச் சிநேகிதர் வில்லியம் கூப்பர், பெரிய கவிஞர். கூப்பருக்கு அடிக்கடி மனம் உடையும், சாகப் போய்விடுவார். 1773-ல் அப்படி உடைந்தபோது நியூட்டனின் வீட்டுக்கு வந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் அங்கேயே தங்கிவிட்டார். இருவருமாக எழுதின பாட்டுகள் 1779-ல் புத்தகமாக வந்தன. அதில் அறுபதுக்கு மேல் கூப்பருடையவை. உலகம் இன்னும் பாடுகிறது.

"அப்ப கூப்பர் குணமாயிட்டாரா பாஸ்டர்?" என்றேன்.

"இல்லை தம்பி. 1800-ல சாகற வரைக்கும் அந்த இருட்டு விட்டு விட்டு வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. நியூட்டனால குணமாக்க முடியலை. ஆனா வீட்டை விட்டுப் போன்னு சொல்லலை. அவ்வளவுதான் அவர் செஞ்சது."

அண்ணன் மெல்ல மெல்லத் தெளிந்தார். தூங்கினார். குளித்தார். கிழிந்த வலை தைக்க ஆரம்பித்தார். சபையில் இதைப் பார்த்த சில பெரியவர்களுக்கு ஆசை வந்துவிட்டது. "கன்வென்ஷன் கூட்டத்துல மேடையேத்தி சாட்சி சொல்ல வச்சா எவ்வளவு ஜனம் வரும்!" என்றார்கள். நோட்டீஸில் போட்டோகூடப் போடலாமாம். பாஸ்டருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். "அவருக்குக் காய்ச்சல் விட்டதுக்குப் போஸ்டர் அடிப்பீங்களா? நாளைக்கு மறுபடி வந்தா என்ன பண்ணுவீங்க? அவர் வியாதி அவருடையது. நம்ம விளம்பரம் இல்லை" என்று சொல்லிவிட்டார். மேடைக்குப் பதிலாக அண்ணனுக்கு ஒரு வேலை கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை சபைக் கதவைத் திறந்து நாற்காலி போட்டு மணி அடிக்க வேண்டும். சாவி அண்ணன் கையில். சங்கிலியில் கிடந்தவர் கையில் சாவி என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

இந்த நல்ல காலத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? சென்ட் பாட்டிலில் ஸ்டிக்கர் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஏதோ மருந்துச் சீட்டு விஷயமாகப் பாஸ்டர் ஆபீஸுக்குப் போன் செய்திருக்கிறார். எடுத்தவர் ஹெட் கிளார்க். அண்ணனைப் பற்றிப் பேச்சு வர, துபாய் விஷயம் அவர் காதில் விழுந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டார். சாயங்காலம் வீட்டு வாசலில் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"துபாய்ல இப்ப வெயில் எப்படி தம்பி?"

பூமி பிளக்காதா என்று இருந்தது. நல்லவேளை, அண்ணன் உள்ளே இருந்தார்.

"பரவாயில்லை தம்பி. என்னிக்கு அவரை ஊருக்குக் கூட்டிட்டு வரணும்னு உங்களுக்குத் தோணுதோ, அன்னிக்குக் கூட்டிட்டு வாங்க. அவசரமில்லை" என்றார். அப்போதுதான் புரிந்தது. இந்த மனிதர் எங்கள் வீட்டில் ஒரு நோயாளியைப் பார்க்க வரவில்லை. இரண்டு பேரைப் பார்க்க வந்துகொண்டிருந்தார்.

2011 டிசம்பர் 30. 'தானே' புயல். உங்களில் கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. விடிய விடியக் காற்று. எங்கள் வீட்டு ஓடு பாதி பறந்துவிட்டது. மாத்திரை வைத்திருந்த டப்பா தண்ணீரில் மிதந்து கரைந்துவிட்டது. கரண்ட் இல்லை, மருந்துக் கடை இல்லை, பஸ் இல்லை. மூன்று நாள் மாத்திரை விட்டால் அண்ணனுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அம்மா சுவரோரம் உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

மதியம், விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பாஸ்டர் நடந்து வந்தார். அவர் வீட்டுக் கூரையும் போயிருந்தது. வந்ததும் "எல்லாரும் பத்திரமா?" என்றார். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றின மாத்திரை அட்டையை எடுத்தார். "ஒரு வாரத்து மாத்திரை என் வீட்டுலயும் இருக்கட்டும், எதுக்கும்" என்று மாசா மாசம் அண்ணனிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தது.

எலியா தீர்க்கதரிசி ஓடி ஓடிக் களைத்து, ஒரு சூரைச்செடி நிழலில் படுத்து "செத்தா தேவலை" என்றபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லையாம். அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்க வைத்தானாம். பாஸ்டர் இதையும் முன்பு சொல்லியிருந்தார். தேவதூதன் லுங்கி கட்டிக்கொண்டு வருவான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

2012-ல் ஒரு நாள். அவசரத்தில் டிபன் பாக்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு ஆபீஸ் வந்துவிட்டேன். பன்னிரண்டரை மணிக்கு வாசலில் ஒரு குரல். வெள்ளைச் சட்டை, படிய வாரின தலை, கையில் என் டிபன் பாக்ஸ். அண்ணன்! தனியாக பஸ் ஏறி, விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார்.

"யாருங்க?" என்றார் ஹெட் கிளார்க்.

"அக்கவுண்ட்ஸ்ல இருக்கானே, அவனோட அண்ணன்."

"அட! துபாய் அண்ணனா! எப்ப சார் வந்தீங்க?"

எனக்குக் கை கால் ஓடவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இரண்டு விநாடி இருக்கும்.

"இப்பத்தான் சார் வந்தேன்" என்றார் அண்ணன்.

டிபன் பாக்ஸை என் மேஜையில் வைத்தார். "வஞ்சிரம் வறுவல் இருக்கு. சூடு ஆறதுக்குள்ள சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த வஞ்சிரத்தை நான் எப்படிச் சாப்பிட்டேன் என்று கேட்காதீர்கள்.

ராத்திரி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். அண்ணன் வலை தைப்பதை நிறுத்தவில்லை. "துபாய்ல வஞ்சிரம் கிடைக்குமாடா?" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் ஹெட் கிளார்க்கைக் கேண்டீனுக்குக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். துபாய் இல்லை, வியாதி, சங்கிலி, கையெழுத்து, சண்டே மார்க்கெட் சென்ட் எல்லாம். திட்டுவார் என்று பார்த்தேன். அவர் டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். ஆடை கட்டிவிட்டது.

"என் பெரிய பொண்ணு பெங்களூர்ல வேலையில இருக்கான்னு சொல்லியிருக்கேனே..." என்றார்.

"ஆமாம் சார்."

"பெங்களூர் இல்லப்பா. வீட்டுல பின் ரூம்ல இருக்கா. ரெண்டு வருஷமாச்சு வெளியில வந்து."

எங்கள் செக்‌ஷனில் மொத்தம் ஒன்பது பேர். அதில் துபாய் ஒன்று, பெங்களூர் ஒன்று. நிம்ஹான்ஸ் 2015-16-ல் எடுத்த தேசிய மனநல சர்வே, இந்தியாவில் வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலப் பிரச்னை இருப்பதாகச் சொல்கிறது. வியாதியைப் பொறுத்து நூற்றுக்கு எழுபதிலிருந்து தொண்ணூற்றிரண்டு பேர் வரை சிகிச்சைக்கே வருவதில்லையாம். அவர்கள் எல்லாம் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும் சார். துபாயில் இருக்கிறார்கள்.

அந்த வாரம் வியாழக்கிழமை ஆபீஸ் விட்டதும் ஹெட் கிளார்க் வீட்டுக்குப் போனேன். ஹாலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின் ரூம் கதவு சாத்தியிருந்தது. இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டு, "சரி சார், அடுத்த வியாழக்கிழமை வர்றேன்" என்று எழுந்தேன். எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. தெரிந்ததைச் செய்தேன். சில வாரம் கழித்து, ஆஸ்பத்திரி வரிசையில் சீட்டு வாங்க எந்த ஜன்னல் என்று அவருக்குக் காட்டிக் கொடுத்தேன். ஆடிட் இருந்தது. இந்தத் தடவை நிஜமாகவே இருந்தது. லீவு போட்டேன்.

இது பாஸ்டர்களுக்கு மட்டும் உரிய வேலை என்று நான் நினைக்கவில்லை. ஏர்வாடி தர்காவிலேயே இப்போது துவாவோடு மருந்தும் கிடைக்கும்படி அரசாங்கம் ஏற்பாடு செய்திருக்கிறது. சாமி கும்பிடுவதை யாரும் விட வேண்டாம். மாத்திரையை விடச் சொல்லும் சாமியார் யாராக இருந்தாலும், எந்த மதமாக இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள். 14416 என்ற நம்பரைப் போனில் போட்டு வையுங்கள். 2022-ல் தொடங்கின 'டெலி மானஸ்' அரசு உதவி எண். காசு கிடையாது, ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

பாஸ்டர் மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். அண்ணன் இன்றும் மாத்திரை சாப்பிடுகிறார். நடுவில் இரண்டு தடவை சறுக்கினார், மறுபடி எழுந்தார். ஞாயிற்றுக்கிழமை மணி அடிப்பது அவர்தான். நானும் கேக் இல்லாத நாட்களில்கூடப் போகிறேன். கடைசி வரிசையில் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைக்கிறார்.

ஹெட் கிளார்க் ரிட்டையர் ஆகிவிட்டார். பென்ஷன் பேப்பர் விஷயமாகப் போன மாசம் வந்திருந்தார். கூடவே பெண்ணும் வந்திருந்தாள். எனக்கு ஒரு சென்ட் பாட்டில் கொடுத்தார்.

"பெங்களூர்ல வாங்கினது" என்றார்.

திருப்பிப் பார்த்தேன். விலை ஸ்டிக்கரைச் சுரண்டாமல் அப்படியே விட்டிருந்தார். புதுச்சேரி சண்டே மார்க்கெட். இரண்டு பேரும் சிரித்தோம். அந்தப் பெண்ணும் கொஞ்சம் சிரித்தாள்.